கால்வாய் ஓரம் – 9: தொப்பி போட்ட நான்காவது ஆள்

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு அக்கா தன் தொப்பியைத் தேடினாள்.

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீடு மூவறை வீடு. ஒரு தொப்பி தொலைந்துபோகும் அளவுக்கு அதில் இடம் கிடையாது. காலணி அலமாரியில் பார்த்தாள், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பார்த்தாள், துணி காயப்போடும் மூங்கில் கம்புகளைக்கூட ஒருமுறை உருட்டிப் பார்த்தாள்.

"அம்மா, என் மஞ்சத் தொப்பி எங்க?"

"உங்கப்பாவக் கேளு."

அப்பா சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"ரப்பிஷ் சூட்ல போட்டுட்டேன்." சமையலறைக் குப்பைக் குழாய் அது; போட்டது நேராகக் கீழே போய்விடும்.

"எதுக்குப்பா?"

"பழசாப் போச்சு. இனிமே அந்த மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு வெளிய திரியாத."

"நீங்க குடுத்ததுதானே அது?"

"அதனாலதான் நானே போட்டேன்."

நீச்சல் வளாகத்தில் காவல் வேலை பார்த்தபோது அப்பாவுக்குக் கொடுத்த தொப்பி அது. அகல விளிம்பு. பின்பக்கம் கிழிந்த இடத்தில் அம்மா நீலத் துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்தார். அசிங்கமான தொப்பிதான். ஆனால் எதையும் எறியாத மனிதர் அப்பா. உடைந்த குடைகள் மூன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார். நாட்குறிப்பில் நேரத்தைக் குறித்தேன்: 6.32. தொப்பியைப் பற்றி ஒரு வரி எழுதினேன். இது முக்கியமில்லை என்று தோன்றியதால் அதை அடித்துவிட்டேன். எது முக்கியம் என்று எனக்கு உடனே தெரிவதே இல்லை.

இதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்லப் போய்த்தான் இந்த வினை வந்தது என்பதால், கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன்.

என் அக்கா உமா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். செங்காங்கில் தோழி வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாயில் மழை பெய்த மறுநாளெல்லாம் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல வெள்ளையாக ஓடுவதையும், மீன்கள் செத்து மிதப்பதையும் மார்ச் மாதம் பார்த்தாள். புகார் அனுப்பினாள். ஆதாரம் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். எனவே குடியிருப்பாளர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு வாராவாரம் தண்ணீரைப் படம் எடுக்கவும், பாட்டிலில் பிடித்து வைக்கவும் தொடங்கினாள்.

கால்வாயின் மறுகரையில் ஒரு கட்டுமானத் தளம். அங்கே வேலை செய்பவர் வெங்கடேஷ் அண்ணன், பட்டுக்கோட்டையில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகன். தண்ணீரைத் தினமும் பார்ப்பவர்கள் அவரும் அவர் நண்பர்களும்தான். அவர்களுக்கென்று தமிழில் ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது.

அதை எழுதியது நான். பகலில் சிராங்கூன் சாலையில் பல் மருத்துவமனை வரவேற்பாளர், மாலையில் மொழிபெயர்ப்புப் பட்டய வகுப்பு. இந்த வீட்டில் தமிழ் 'தெரிந்தவள்' நான்தானே.

போன ஞாயிறு காலை அக்காவும் அண்ணனும் அவர் நண்பர்கள் இருவரும் போனார்கள். கால்வாய் வளையும் இடத்தில் ஒரு நீரேற்று நிலையத்தின் வேலி இருக்கிறது. அந்த வேலியில் நான்கு மொழிகளில் சிவப்புப் பலகை: பாதுகாக்கப்பட்ட இடம், படம் எடுக்கக்கூடாது. அவர்கள் தண்ணீரைத்தான் எடுத்தார்கள். படத்தில் வேலியும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை யாரோ அனுப்பிய தமிழ் அறிவிப்பை அண்ணனின் மேற்பார்வையாளர் பார்த்தார். தொலைபேசியிலேயே ஆங்கிலமாக்கிப் படித்தார். படித்ததும் நேராகப் போலீசுக்குச் சொன்னார். புதன்கிழமை விசாரணை. அண்ணனின் தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போலீஸ் 'ஒன்றுமில்லை' என்று சொல்லாவிட்டால் வேலை பெர்மிட் ரத்து, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம். திரும்பி வர முடியாது.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

பகல் ஒரு மணிக்குத் தேக்கா உணவங்காடியில் மூவரும் உட்கார்ந்தோம். அண்ணன் வேலைக்குப் போகாத நாளில் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அதைப் பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது. மூன்று பேருக்கும் பிரியாணி சொன்னாள் அக்கா. அண்ணன் கை வைக்கவில்லை.

"சாப்பிடுடா. வெறும் வயித்தோட போனா அங்க போய் மயங்கி விழுவ."

"விழுந்தா நல்லதுதான்க்கா. ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு, ஞாயித்துக்கிழமை பிளைட்ட விட்டுடலாம்."

"ஜோக்கா இது?"

"வேற என்ன செய்ய? நேத்து அம்மா வீடியோ கால் போட்டுச்சு. இந்நேரம் ரூம்ல என்னடா பண்றேன்னு கேட்டுச்சு. லீவுன்னேன். சிங்கப்பூர்ல எதுக்குடா வியாழக்கிழமை லீவுங்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்ணே, அறிவிப்ப எழுதினது யாருன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன்." ஐஸ் லெமன் டீயைக் குழலால் கலக்கினார். "உனக்குக் கவர்மெண்ட் வேலைக்குப் பரீட்சை எழுதணும்னு ஆசை. எதுக்கு உன் பேரு அங்க?"

"தெரியாதுன்னு சொன்னா ஒளிக்கிறீங்கன்னுதான நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்."

"நினைச்சா உங்களத்தான் அனுப்புவாங்க."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் உள்ள வர்றேன். இத ஆரம்பிச்சதே நான்தான்."

"நீங்க வேணாம்க்கா. உங்களப் பத்தி நான் வாயே திறக்கல."

"ஏன்?"

"அவங்களே மூணு பேருன்னு சொன்னாங்க. நான், பழனி, சரவணன். அங்க இருந்த செக்யூரிட்டி மூணு பேருன்னு எழுதிக் குடுத்திருக்காராம். நானும் ஆமா சார், மூணு பேருதான்னுட்டேன்."

அக்கா அவரையே பார்த்தாள்.

"எப்படிடா மூணு? நான்தான முன்னாடி நின்னேன். கையில பாட்டில் வேற."

"கண்ணு தெரியாத ஆளா இருக்கும். நல்லதாப் போச்சுன்னு விடுங்க." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "அனுமதி இல்லாம அஞ்சு பேருக்கு மேல சேர்ந்தாத்தானக்கா இங்க தப்பு?"

"அது பழைய கதை லா. இப்ப ஒருத்தன் அட்டையப் பிடிச்சுக்கிட்டுத் தனியா நின்னாலே கூட்டம்."

"ஒருத்தனே கூட்டமா?" அண்ணனுக்கு உண்மையிலேயே வியப்பு. "அப்ப நம்ம மூணு பேரும் இப்ப மாநாடு."

அக்கா சிரித்துவிட்டாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என் பையில் இருந்த நாட்குறிப்பு நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காலையிலிருந்து ஏழாவது தடவை.

இரண்டரைக்குப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போனோம். வழியில் முடிவாயிற்று: அக்கா எதிரே பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பாள், நானும் அண்ணனும் உள்ளே போவோம். அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார். "பெரியவங்க ஒருத்தராவது வெளிய இருக்கணும்க்கா, சித்திக்குச் சொல்றதுக்கு."

விசாரணை அதிகாரியின் பெயர் பரீதா. நாற்பது வயதிருக்கும். வெளிர்நீல முக்காடு, மேசையில் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டி. அண்ணனை வெளியே நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து மேசையில் வைத்துக்கொண்டார். தமிழிலேயே பேசினார்.

"என் தமிழ் பள்ளிக்கூடத்து ஓ லெவலோட நின்னுடுச்சு. தப்பா இருந்தா திருத்துங்க. நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா மேடம்."

"அவரு தெரியாதுன்னாரே?"

"என்னக் காப்பாத்தறதா நினைச்சு அப்படிச் சொல்லியிருக்காரு. அது தப்பு. அதான் நானே வந்தேன்."

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். என் வரிதான். பெரிய எழுத்தில் அச்சடித்துப் பார்த்தபோது அது என்னுடையதுபோலவே இல்லை.

கால்வாய்ப் பாதுகாப்பு விவரங்களைப் படம் எடுத்து அனுப்பவும். ஞாயிறு காலை 7 மணி.

"இத ஃபோன்ல போட்டா இங்கிலீஷ்ல 'செக்யூரிட்டி டீடெய்ல்ஸ்'னு வருது," என்றார் பரீதா. "மெஷின் தப்பாச் சொல்லுதோன்னு நானே படிச்சேன். எனக்கும் அப்படித்தான் படுது. கால்வாய்க்குப் பக்கத்துல நீரேற்று நிலையம். அங்க என்ன பாதுகாப்பு இருக்கு, எத்தன காவலாளி, எங்க கேமரான்னு படம் எடுத்து அனுப்பச் சொல்ற மாதிரி."

"இல்ல மேடம். பாதுகாப்புன்னு நான் எழுதினது காப்பாத்தறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புன்னு சொல்றோமே, அந்தப் பாதுகாப்பு."

"வாசல்ல நிக்கிறவரும் பாதுகாப்பு அதிகாரிதான்."

"ஆமா."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்தான் மேடம்."

"அப்ப படிக்கிறவங்க எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண் கொடுப்பார்கள். சூழல், முன்பின் வாக்கியம், வாசகர் என்று எழுதியிருப்பேன். இங்கே ஒரு பதில்தான் இருந்தது.

"தெரிஞ்சுக்க முடியாது. அந்த வரியில வழியே இல்ல. அது என் தப்பு, அவரு தப்பு இல்ல."

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். மே 14, வியாழன், 9.10 என்று மேலே இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் நேரம் போடுகிறவள். அதற்காக வீட்டில் கேலி செய்வார்கள்.

முதல் வரைவு அங்கே இருந்தது. கால்வாய்த் தண்ணீரைக் காப்பாற்ற, தண்ணீரின் நிறம், நுரை, செத்த மீன் ஆகியவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். வேலிக்கு உள்ளே போக வேண்டாம்.

அதன்மேல் நீளமாக ஒரு கோடு. பக்கத்தில், அறிவிப்புப் படத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் என்று அக்கா சொன்னது. கீழே, நான் சுருக்கிய வரி. ஓரத்தில் பென்சிலால்: சுருக்கமாக இருந்தால் நல்லதுதானே?

பரீதா விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். 'வேலிக்கு உள்ளே போக வேண்டாம்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதையும் சேர்த்து அடிச்சிட்டீங்க."

"ஆமா."

"இந்தக் கேள்விக்குறி யார் போட்டது?"

"நான்தான் மேடம்."

"கேள்வி கேட்டுட்டுப் பதிலே எழுதலயே."

எனக்குக் காது சூடானது. அவர் திட்டவில்லை. பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு நோட்டை என்னிடம் திருப்பித் தந்தார்.

"சரி. இது புரியுது. தண்ணி வெள்ளையா ஓடுதுன்னு நீங்க குடுத்த புகாரையும் நான் பார்த்தேன். அது வேற இடத்துக்குப் போகும், போகணும். என் வேலை அந்த வேலி. அங்க வந்தவங்க யாரு, எதுக்கு வந்தாங்க. ஒவ்வொருத்தரும் கணக்குல வந்துட்டா, இன்னிக்கே கம்பெனிக்கு நான் போன் பண்ணிடுவேன். அவரு நாளைக்கு வேலைக்குப் போகலாம்."

நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அது அவசரப்பட்டு விட்ட மூச்சு.

"ஆனா ஒண்ணு இடிக்குது." கோப்புக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கண்காணிப்புக் கேமராவிலிருந்து எடுத்தது. மேலிருந்து, சற்று மங்கலாக. வேலி, கால்வாயின் சரிவு, நான்கு உருவங்கள்.

"உங்க அண்ணன் மூணு பேருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அந்த ரெண்டு பேரும் மூணுன்னே சொல்றாங்க. நிலையத்துக் காவலாளியோட அறிக்கையிலயும் மூணு. கேமராவுல நாலு." படத்தில் முன்னால் நின்ற உருவத்தைத் தொட்டார். "நாலு பேருமாச் சேர்ந்து மறைக்கிற ஒரு ஆளுன்னா, அவங்க யாருன்னு எனக்குத் தெரியாம இந்தக் கோப்ப மூட முடியாது. முகம் தெரியல. தொப்பி."

மஞ்சள் தொப்பி. அகல விளிம்பு. கேமராவுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். தொப்பியின் பின்பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி.

அந்த நீலத் துணி என் பள்ளிச் சீருடையிலிருந்து வெட்டியது.

அப்போதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. அக்கா தொப்பியோடு போனது தெரிந்த விஷயம்தானே என்றுதான் நினைத்தேன். பிறகு காலையில் கேட்ட குரல் வந்தது: இனிமே அந்த மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு வெளிய திரியாத. ஞாயிறு காலை அக்கா கிளம்பும்போது அப்பா வீட்டில் இல்லை. ஐந்து மணிக்கே வேலைக்குப் போயிருந்தார். ஏப்ரல் மாதத்திலிருந்து அவருக்குப் புது இடம். எந்த இடம் என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாதாம். அம்மா இருமுறை கேட்டு, "உள்ளூர்லயே ரகசியமா?" என்று கிண்டல் செய்து விட்டுவிட்டார்.

பரீதா தண்ணீர் குடிக்கக் கையை நீட்டியபோது படம் ஓரமாக நகர்ந்தது. அடியில் இருந்த அறிக்கையின் கடைசிப் பகுதி தெரிந்தது. தட்டச்சு செய்த ஆங்கில வரிகள். ஆண்கள் மூவர். அதற்குக் கீழே தமிழில் ஒரு கையெழுத்து. ழகரத்தின் வாலை இழுத்து, முழுப் பெயருக்கும் அடிக்கோடாகப் போட்ட கையெழுத்து.

பத்து வருடம் என் பள்ளி அறிக்கைப் புத்தகத்தில் அதைத்தான் வாங்கியிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் காவல் வேலை பார்த்தவர் அப்பா. வருகைப் பதிவில் ஒரு நிமிடம் முன்பின் எழுதமாட்டார். குடை திருடியவனைக்கூட 'குடையுடன் காணப்பட்டவர்' என்று எழுதுகிறவர். அவர் திரையில் நான்கு பேரைப் பார்த்திருக்கிறார். மூன்று என்று எழுதியிருக்கிறார்.

"நிரஞ்சனா," என்றார் பரீதா. "இவங்கள உங்களுக்குத் தெரியும்."

அது கேள்வியாக இல்லை.

எனக்கு முன் இரண்டு பதில்கள் இருந்தன. தெரியாது என்றால் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் இருப்பார். தெரியும் என்றால் அப்பாவின் கையெழுத்துக்கு மேலே இருக்கும் எண் பொய்யாகிவிடும். அவருடைய காவலாளி உரிமம் போகும். பொய் அறிக்கைக்கு அதோடு விடுவார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது பதிலைத் தேடினேன். தேடுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று குறித்துவைக்கவில்லை.

கதவுக் கண்ணாடி வழியாக அண்ணன் தெரிந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சலவைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்ற ஒரு 'தெரியாது', அக்காவைக் காப்பாற்ற ஒரு 'மூணு'. அப்பாவும் ஒரு 'மூணு'. எல்லோரும் ஆளுக்கொருவரைப் பாதுகாத்துக் கடைசியில் அவரை அந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தோம்.

"எங்க அக்கா, மேடம்."

பரீதா நிமிர்ந்தார்.

"தண்ணி சாம்பிள் எடுக்கப் போனாங்க. படத்துல பாருங்க, கையில பாட்டில் இருக்கு. அவங்கதான் இத ஆரம்பிச்சது. அண்ணன் அவங்க கூப்பிட்டுத்தான் போனாரு. எதிர்ல பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்திருக்காங்க. கூப்பிட்டா இப்பவே வருவாங்க."

பரீதா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"இத புதன்கிழமையே சொல்லியிருந்தா, ஒரு நாள் வேலைகூடப் போயிருக்காது." தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். "கம்பெனிக்கு இப்பவே பேசறேன். பெர்மிட்ட தொட வேணாம்னு சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி உங்க அக்கா பேர எழுதிக்கிறேன், அவங்களக் கூப்பிடணும்."

பேனாவைத் திறந்தார்.

"முழுப் பேரு. ஐசி அட்டையில இருக்கிற மாதிரி."

"உமாமகேஸ்வரி."

எழுதினார். நீளமான பெயர். ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்.

"டாட்டர் ஆஃப்?"

வாய் திறந்தேன். அப்பாவின் பெயருக்குப் பதில், என் கண் அறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்துக்குப் போனது.

அவர் மறுபடி கேட்கவில்லை. மேசையில் இருந்த என் அடையாள அட்டையை எடுத்து, அப்பாவின் பெயரோடு சேர்ந்த என் பெயரை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தார். பிறகு படத்தை நகர்த்திவிட்டு, அட்டையை அந்த அறிக்கையின் மேல், ழகரத்தின் வால் முடியும் இடத்துக்குப் பக்கத்தில், மெல்ல வைத்தார்.

தொலைபேசியை அவர் இன்னும் எடுக்கவில்லை.